ஃபோன்களுக்கு ஒரு பெரட்டு

சுதர்ஷினி ஒவ்வொரு நாளும் காலை ஒன்பதே முக்காலுக்குக் காணாமல் போனாள். ஆள் எங்கும் போகவில்லை. ராகலைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில், மேல்கணக்கு லயத்து வரிசை வீடுகளில் பத்தாம் நம்பரில், கம்பளிச் சட்டையும் கால்மேசுமாக மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்துதான் இருந்தாள். காணாமல் போனது கொழும்பில், கம்பனியின் மீட்டிங் திரையில். ஒன்பதரைக்கு மீட்டிங் தொடங்கும். கால் மணி நேரம் கழித்து அவளுடைய முறை வரும். அவள் வாயைத் திறப்பாள். திறந்த வாயோடு முகம் அப்படியே உறைந்து நிற்கும், பிறகு அதுவும் மறைந்துவிடும். அந்தப் பிளந்த வாயைப் படம் பிடித்துக் கம்பனிக் குழுவில் போட்டுச் சிரித்தவர்களும் உண்டு. அவர்கள் யார் யார் என்று அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், அவளுடைய வேலையே இந்த மாதிரிக் கோளாறுகளைத் திருத்துவதுதான். கம்பனி ஃபயர்வோல் பெட்டிகள் செய்து விற்றது. வெளியிலிருந்து வருவதில் எதை உள்ளே விடலாம், எதை விடக்கூடாது என்று வாசலில் நின்று பார்க்கிற பெட்டி அது. பெட்டிக்குள்ளே ஓடுகிற இயங்குதளத்தின் அடிமடியில் கைவைத்து வேலை செய்பவர்கள் கம்பனியில் நான்கே பேர். சுதர்ஷினி அதில் ஒருத்தி. கம்பனி கழித்துப்போட்ட ஒரு பழைய பெட்டியைக் கேட்டு வாங்கிவந்து லயத்துச் சனசமூக நிலையத்தில் பொருத்தியவளும் அவள்தான். முப்பத்தெட்டு வீட்டுக்கும் வைஃபை அந்தப் பெட்டி வழியாகத்தான் வந்தது. அவளுடைய மீட்டிங்கும் அதே வழியாகத்தான் போனது. அந்தப் பெட்டிதான் தினமும் ஒன்பதே முக்காலுக்கு விழுந்து, மூன்று நிமிடம் கழித்துத் தானாகவே எழும்பி, ஒன்றுமே நடக்காததுபோல் பச்சை விளக்கைச் சிமிட்டியது.

வெள்ளிக்கிழமைகளில் மட்டும் விழாது. "நான் வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம மாரியம்மனுக்கு வெளக்கு போடுறேன்ல, அதான்" என்றார் கந்தப்பன். அவர் ஓய்வுபெற்ற கங்காணி, இப்போது சனசமூக நிலையத் தலைவர். "வேணும்னா தெனமும் போடுறேன் புள்ள. எண்ணெய மட்டும் நீ வாங்கிக் குடு." சுதர்ஷினிக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை ஏன் விழுவதில்லை என்று அவளுக்கும் விடை தெரியவில்லை.

போன வெள்ளிக்கிழமை லோஜன் அழைத்தார். அவர் அவளுடைய மேலதிகாரி. கெட்ட மனிதர் இல்லை. ஆனால் கொழும்பின் வெள்ளவத்தைக்கு அந்தப் பக்கம் நெட் இருக்கிறது என்பதை மனதார நம்பாதவர்.

"சுதர்ஷினி, மூணு மாசமா நீங்க மீட்டிங்ல பேசி முடிச்ச ஒரு வசனம்கூட எனக்கு ஞாபகம் இல்ல" என்றார். "மலைநாட்டு லைன் அப்படித்தான், உங்கட பிழை இல்ல. ஆனா வேலை நடக்கணுமே? ஒண்ணாம் திகதியில இருந்து ஒபிசுக்கே வந்துடுங்க."

"லைன்ல பிழை இல்ல சேர். பிழை பெட்டிக்குள்ள ஓடுற நம்ம கோட்லதான்" என்றாள் சுதர்ஷினி.

அதற்கு அவளிடம் ஆதாரமும் இருந்தது. பெட்டியில் ஒரு வயரைச் சொருகி, அது விழுவதற்கு முன் கடைசியாக என்ன செய்தது என்று எழுதி வைத்திருந்தாள். விஷயம் இவ்வளவுதான். மெமரியில் ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் இலக்கம் உண்டு. இந்தப் பழைய பெட்டியின் புரொசசர் நாலு பைட்டை ஒரே எடுப்பில் எடுக்கும். ஆனால் நாலால் பிரிபடும் இலக்கத்திலிருந்து தொடங்கினால்தான் எடுக்கும். நாலிலிருந்து எடு என்றால் எடுக்கும், எட்டிலிருந்து என்றாலும் எடுக்கும். ஆறிலிருந்து எடு என்று சொல்லிவிட்டால் போதும், கையை உதறிக்கொண்டு அப்படியே படுத்துவிடும். கொழும்பிலிருக்கும் புதிய புரொசசர்கள் ஆறிலும் எடுக்கும், ஏழிலும் எடுக்கும், முணுமுணுக்கக்கூட மாட்டாது. அதனால்தான் அங்கே எத்தனை முறை சோதித்தாலும் கோளாறு கண்ணில் படுவதில்லை. ஃபயர்வோல் கோடில், நெட்டில் வரும் ஒரு தரவுப் பொதிக்குள்ளே நேரத்தைக் குறிக்கும் நாலு பைட் எண்ணை எடுக்கிற வரி ஒன்று இருந்தது. பெட்டி விழுந்த இடம் அந்த வரி. அப்போது அது எடுக்கப் போனது ஆறாம் இலக்கத்திலிருந்து.

அந்த வரியை எட்டு வருடத்துக்கு முன் எழுதியவர் லோஜன்.

"அந்த எண் ஆறுல வர முடியாதே" என்றார் லோஜன். குரல் கொஞ்சம் விறைத்துவிட்டது. "உலகத்துல எல்லாச் சாமானும் அந்த எண்ணுக்கு முன்னால ரெண்டு வெத்து பைட் வச்சுத்தான் அனுப்புது. அப்ப அது எட்டுக்கு வந்துடும்."

"வைக்கணும்னு சட்டம் இல்லையே சேர். வைக்கிறது ஒரு வழக்கம், அவ்வளவுதான். நான் ஏழு வரி எழுதி வச்சிருக்கேன். நாலு பைட்டையும் ஒவ்வொண்ணா எடுத்து ஒட்டிக்கிடும். எங்க இருந்து வந்தாலும் விழாது."

"ஒவ்வொண்ணா எடுத்தா வேகம் குறையும். இல்லாத வருத்தத்துக்கு நான் மருந்து குடுக்கேலாது. வெத்து பைட் வைக்காத ஒரு சாமானை எனக்குக் கண்ணால காட்டுங்க. வெள்ளிக்கிழமை மீட்டிங்ல காட்டுங்க. காட்டினா நானே உங்கட ஏழு வரியையும் சேர்க்கிறேன், நீங்களும் அங்கயே இருக்கலாம். இல்லாட்டி ஒண்ணாம் திகதி பஸ் ஏறுங்க."

சுதர்ஷினிக்குக் கொழும்பு புதிதில்லை. ஆறு வருடம் அங்கே அறை எடுத்து இருந்தவள் அவள். எந்த ஊர் என்று கேட்டு, தோட்டம் என்ற பதிலைக் கேட்டதும் அறை இல்லை என்று கதவைச் சாத்திய வீடுகள் அவளுக்குத் தெரியும். இப்போது கணவன் யோகேஸ்வரன் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மகள் தனுஷிகாவுக்கு மூன்று வயது. அம்மாவை ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்க்கிற பிள்ளையாக அவளை வளர்க்க சுதர்ஷினிக்கு மனம் இல்லை. போகவே பிடிக்கவில்லை, அதுதான் உண்மை. அதுவும் லோஜனுடைய ஒரு வரிக்காகப் போவதென்றால் கோபம் மூக்குக்கு மேலே ஏறியது.

முப்பத்தெட்டு வீடு, வீட்டுக்கு ஒரு சாமான் என்று சனசமூக நிலையத்தின் சட்டம். ஆகவே முப்பத்தெட்டில் ஒன்றுதான் குற்றவாளி. செவ்வாய்க்கிழமை அவள் பாதி வீடுகளை மறித்துப் பார்த்தாள். பத்தொன்பது வீட்டுக்கு நெட் இல்லை, பத்தொன்பது வீட்டுக்கு உண்டு. பெட்டி விழுந்ததா என்று பார்க்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. அதற்குள் இல்லாத பாதி இருக்கிற பாதியோடு சண்டைக்குப் போய்விட்டது. இந்திராதேவி, தன் வீட்டை மறித்துவிட்டு சம்பந்தி வீட்டுக்குத் திறந்துவிட்டது திட்டமிட்ட சதி என்று தண்ணீர்ப் பீலியடியில் நின்று முழங்கினாள். கந்தப்பன் தலைவர் என்ற முறையில் தலையிட்டு, இனி யாரையும் மறிக்கக்கூடாது என்று உத்தரவு போட்டார்.

"அப்ப எப்படி மாமா கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டாள் சுதர்ஷினி.

கந்தப்பன் தாடையைச் சொறிந்தார். "வியாழக்கெழம போயா லீவு. யாருக்கும் வேல இல்ல. எல்லாத்தையும் பெரட்டுக்களத்துக்கு வரச் சொல்லுவோம். பேரக் கூப்புட்டா ஒவ்வொருத்தரா ஃபோனோட முன்னுக்கு வரட்டும். ஒன்னோட பொட்டியில மாட்டிப் பாரு. எது மாட்டுனதும் விழுதோ அதான் திருட்டு ஃபோனு."

காலையில் வேலைக்கு முன் ஆட்களைப் பேர் கூப்பிட்டு நிறுத்துகிற பெரட்டை மூன்று வருடமாக நடத்தாத மனிதர் அவர். யோசனை சொல்லும்போதே கண்கள் பளபளத்தன. சுதர்ஷினிக்கும் யோசனை பிடித்திருந்தது. சோதனை என்பது அதுதானே, ஒன்று ஒன்றாகப் பார்ப்பது.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குப் பனி விலகுமுன்பே ஃபோன் பெரட்டு கூடியது. கந்தப்பன் பழைய கோட்டை மாட்டி, குடையைக் கக்கத்தில் இடுக்கி வந்திருந்தார். ஆட்களை நாலு நாலாக வரிசையில் நிறுத்தினார். பெட்டியை ஒரு மேசையில் வைத்து, நிலையத்திலிருந்து நீளமாக வயர் இழுத்திருந்தார்கள். முன்னால் நின்ற இந்திராதேவி பட்டுச்சேலை கட்டி வந்திருந்தாள், படம் பிடிப்பார்கள் என்று யாரோ சொன்னார்களாம். வினோஜன் சார்ஜரையும் கொண்டுவந்திருந்தான், அதிலேயும் கோளாறு இருக்கலாம் என்று. பின்வரிசையிலிருந்து நல்லமுத்து கையை உயர்த்தினார்.

"இதுக்கு ஒருநாள் சம்பளம்னு பேரு போடுவாங்களா?"

"நெட்டுதான் ஒனக்குப் பேரு. பேசாம நில்லுய்யா" என்றார் கந்தப்பன்.

பிறகு பதிவுப் புத்தகத்தைத் திறந்து, நெஞ்சை நிமிர்த்தி, முதல் பெயரைக் கூப்பிட்டார். மலைக்கு அந்தப் பக்கம் வரை கேட்டிருக்கும். கூப்பிட்டவர் முன்னே வந்தார். ஃபோனை வைஃபையில் மாட்டி, கோயில் திருவிழாப் படத்தை ஒரு நிமிடம் ஓடவிட்டார். சுதர்ஷினி பெட்டியின் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள், கந்தப்பன் புத்தகத்தையே. விளக்கு பச்சையாகவே இருந்தது. "நல்ல ஃபோனு!" என்று கந்தப்பன் தீர்ப்புச் சொன்னார். அடுத்தவர் வந்தார். நல்லமுத்துவின் ஃபோன் கண்ணாடி சுக்குநூறாக உடைந்திருந்தது. கை வைத்தால் ரத்தம் வரும் என்பதால் அவர் தீக்குச்சியால் அமத்திக்கொண்டிருந்தார். இதுதான், இதேதான் என்று கூட்டமே முன்னால் சாய்ந்தது. அதுவும் நல்ல ஃபோனாகவே போய்விட்டது. நல்லமுத்து வெற்றிவீரராகத் திரும்பி நடந்தார்.

இருபது முடிந்தது. முப்பது முடிந்தது. ஒன்பது இருபதுக்கு முப்பத்தெட்டாவது பெயரும் முடிந்தது. பெட்டி அசையவில்லை.

"எல்லாமே நல்ல ஃபோனு" என்றார் கந்தப்பன். அவருக்கு அதில் பெருமைதான். "நம்ம லயத்துல திருட்டுச் சாமான் இல்ல."

ஒரே ஒரு நம்பிக்கை பாக்கி இருந்தது. எல்லாரையும் ஃபோனை அணைத்துக் கையில் தூக்கிப் பிடிக்கச் சொன்னாள். ஒன்பதே முக்கால் வரை அப்படியே நிற்க வேண்டும். நின்றார்கள். கைகளெல்லாம் உயர்ந்து, கறுத்த திரைகளெல்லாம் வானத்தைப் பார்த்தபடி, மூச்சுக் காட்டாமல் நின்றார்கள். ஒன்பது நாற்பத்தைந்துக்குப் பெட்டியின் விளக்கு ஒருமுறை துடித்தது, பிறகு அணைந்தது.

இந்திராதேவி "ஆத்தாடி!" என்று பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர் ஓடினார்கள். பேய் என்றான் வினோஜன். கந்தப்பன் ஓடவில்லை, ஆனால் குடையை விரித்துவிட்டார், எதற்கென்று அவருக்கே தெரியாது.

சுதர்ஷினி அங்கேயே மேசையடியில் உட்கார்ந்துவிட்டாள். நாளைக்கு லோஜனிடம் என்ன சொல்வது? எல்லா ஃபோனும் நல்லது, குற்றவாளி பேய் என்று சொல்வதா? யோகேஸ்வரன் மகளைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றான். ஆறுதல் சொல்லத் தெரியாத மனிதன் அவன். அதனால் மாட்டின சாமான்களின் பட்டியலை எடுத்து எண்ணத் தொடங்கினான். கணக்கு வாத்தியாருக்கு வேறு என்ன செய்யத் தெரியும்?

"சுதா, முப்பத்தேழுதான் இருக்கு" என்றான்.

"முப்பத்தெட்டு பேரு வந்தாங்களே."

"முப்பத்தெட்டு தரம் மாட்டியிருக்காங்க. ஆனா பன்னெண்டாவதா வந்த ஃபோனும் இருவத்தொம்பதாவதா வந்த ஃபோனும் ஒண்ணு. ஒரே ஃபோனு ரெண்டு தரம் வந்திருக்கு."

சுதர்ஷினி துள்ளி எழுந்தாள். பன்னிரண்டாவது தனுஜா. இருபத்தொன்பதாவது அம்மாக்கண்ணு. தனுஜா அடுத்த வீட்டுக்காரி, கொழுந்து பறிக்கும் வேலை, சூது வாது தெரியாதவள். கூப்பிட்டதும் தலையைக் குனிந்துகொண்டு வந்து நின்றாள்.

"தனுஜா, அம்மாக்கண்ணு அத்த வந்தாங்களா இல்லையா?"

"வரலக்கா."

"அப்ப அவங்க பேரக் கூப்புட்டப்ப யாரு 'இருக்கேன்'னு சொன்னது?"

"நாந்தான்." அவளுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "அவங்க மாட்டுக்கிட்ட இருந்தாங்கக்கா. பேரக் கூப்புடும்போது ஆளு இல்லாட்டி அரைப்பேருன்னு பாதிச் சம்பளத்த வெட்டிருவாங்கல்ல? அதான் நான் கொரல் குடுத்து, என்னோட ஃபோனயே மறுபடி மாட்டுனேன். நான் லேட்டானா அவங்க குடுப்பாங்க. எப்பவும் அப்படித்தானேக்கா?"

கந்தப்பனுக்கு முகம் சிவந்தது. "என்னோட பெரட்டுலயா? இருவத்திரெண்டு வருசம் பேரு கூப்புட்டிருக்கேன், என்னோட பெரட்டுலயா?"

தனுஜா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இருவத்திரெண்டு வருசமும் குடுத்தோம் மாமா" என்றாள் மிகவும் மரியாதையாக.

கந்தப்பன் குடையை மடித்துக்கொண்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டார். சுதர்ஷினி அதற்குள் லயத்தின் பின்புறம் பாதி வழி ஓடிவிட்டாள்.

அம்மாக்கண்ணு மாட்டுப்பட்டியில் இருந்தாள். நிறைசினைப் பசு ஒன்று படுப்பதும் எழுவதுமாக இருந்தது. அதன் இடுப்பைத் தடவிக்கொண்டிருந்த அம்மாக்கண்ணு நிமிரவே இல்லை.

"அத்த, பெரட்டுக்கு ஏன் வரல?"

"ஃபோனுக்குத்தானே புள்ள பெரட்டு? என்கிட்ட அந்த மாதிரி ஃபோனு ஏது? இந்தா, பட்டன் ஃபோனுதான்."

"அப்ப ஒங்க வீட்டுப் பேருல வைஃபைல பதிஞ்சிருக்கிறது என்னது?"

அம்மாக்கண்ணு சாணிக் கையால் மேலே காட்டினாள். கூரை மூங்கிலில், உரப்பை கிழித்து மழைக்கு மறைப்புக் கட்டி, கைப்பிடி அளவில் ஒரு வெள்ளைக் கெமரா தொங்கியது. "என் மகன் அழகன் பொங்கலுக்கு வந்தப்ப மாட்டிட்டுப் போனான். கட்டார்ல இருந்து மாட்டப் பாக்குறதுக்கு. காலையில வேலைக்கு பஸ் வாறதுக்கு முன்னுக்குத் தெறந்து பாப்பான். அது என்னமோ, தெறந்த ஒடன நின்னு போயிருதாம். மூணு மாசமா மாட்டோட வால மட்டுந்தான் பாத்திருக்கேன்னு அழுவுறான்."

"வெள்ளிக்கெழம பாக்க மாட்டாரா?"

"வெள்ளிக்கெழம அவனுக்கு லீவு. உச்சி வர தூங்குவான். எந்திரிச்சாலும், மத்தக் கூட்டாளிங்களோட போயிருவான்."

சுதர்ஷினிக்குச் சிரிப்பதா, அந்தக் கெமராவைக் கும்பிடுவதா என்று தெரியவில்லை. மாரியம்மனை விட்டுவிட்டு கட்டாரின் விடுமுறை நாளைப் பார்த்திருந்தால் எப்போதோ விடை கிடைத்திருக்கும். மலிவாகச் செய்த கெமரா அது. வெற்று பைட் வைக்கிற வழக்கமெல்லாம் அதற்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அழகன் திறந்ததும் படத்தை அவசர அவசரமாகப் பொதிபொதியாக அனுப்பும். நேரம் குறிக்கும் எண் ஆறில் வந்து உட்காரும். லோஜனின் வரி அதை எடுக்கப் போகும். பெட்டி விழும். அதோடு மீட்டிங்கில் சுதர்ஷினியின் வாயும் பிளந்து நிற்கும். அம்மாக்கண்ணுவின் சாணிக் கையைப் பிடித்துக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பில் பசு மிரண்டு எழுந்து நின்றது.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு அவள் சனசமூக நிலையத்தில், பெட்டிக்குப் பக்கத்திலேயே மடிக்கணினியை வைத்து உட்கார்ந்தாள். பெட்டியில் பழைய கோட். அவளுடைய ஏழு வரி சேர்ந்த புதிய கோட், ஒரு விசையை அழுத்தினால் ஏறுகிற மாதிரி, பக்கத்தில் தயார். அழகனைத் தூக்கத்திலிருந்து எழுப்ப வேண்டியிருக்கும் என்று பயந்திருந்தாள். அந்தக் கவலை வீண். பசுவுக்கு விடிகாலையிலேயே வலி கண்டுவிட்டது, தலை ஈற்று வேறு. அம்மாக்கண்ணு பட்டன் ஃபோனில் கூப்பிட்டதிலிருந்து அழகன் கட்டாரில் கட்டிலில் உட்கார்ந்தபடி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். தனுஜா அரைப்பேரை விட்டுவிட்டு மாட்டுப்பட்டியில் சுடுதண்ணீரோடு நின்றாள். வேலைக்குப் போகாத பத்துப் பதினைந்து பேர் நிலையத்துக்குள் வந்து, சுதர்ஷினியின் முதுகுக்குப் பின்னால் இடம் பிடித்தார்கள். தலைவர் கந்தப்பனுக்கு முன்வரிசையில் நாற்காலி.

"சேர், இப்ப கட்டார்ல இருந்து ஒருத்தர் கெமராவத் தெறக்கப் போறாரு" என்றாள் சுதர்ஷினி. "தெறந்ததும் பெட்டி விழும். பாத்துக்கிட்டே இருங்க."

அழகன் திறந்தான். பெட்டி விழுந்தது. திரை உறைந்தது. சுதர்ஷினி மகிழ்ச்சியில் கைதட்டினாள். தன் பெட்டி விழுந்ததற்குக் கைதட்டிய முதல் ஆள் உலகத்திலேயே அவளாகத்தான் இருப்பாள். அவளைப் பார்த்துப் பின்னாலிருந்தவர்களும் கைதட்டினார்கள். அப்போது அவளுடைய கைப்பேசிக்கு, இருந்த ஒரே ஒரு கோடு சிக்னலில் தத்தளித்து, லோஜனின் செய்தி வந்து சேர்ந்தது. 'திரும்பவும் லைன் போயிட்டுது. இதைத்தான் நான் சொன்னது.'

கைதட்டல் நின்றது. தலையில் அடித்துக்கொண்டாள் சுதர்ஷினி. பெட்டி விழுந்ததை லோஜனுக்குக் காட்டக் கூடிய ஒரே வழியும் அந்தப் பெட்டி வழியாகத்தான் போகிறது! எத்தனை தரம் விழுத்திக் காட்டினாலும் கொழும்பில் அது மலைநாட்டு லைனாகத்தான் தெரியும். யோசிக்க நேரமில்லை. பெட்டி எழும்பியதும் தன் ஏழு வரி சேர்ந்த புதியதை ஏற்றினாள், மீட்டிங்குக்குள் திரும்பி வந்தாள்.

"சேர், இப்ப புதுசு ஏத்தியிருக்கேன். இனிப் பாருங்க."

அழகன் மறுபடி திறந்தான். இந்தத் தடவை படம் நின்றது. அவள் அதைத் தன் திரையிலும் திறந்து, லோஜனுக்கும் காட்டினாள். வால் மட்டுமில்லை, முழுப் பசுவும் தெரிந்தது. கொம்பு, கழுத்து, வியர்த்த விலா, பக்கத்தில் முழந்தாளிட்ட அம்மாக்கண்ணு. "அம்மா, மாடு இம்புட்டுப் பெருசா!" என்று பட்டன் ஃபோனுக்குள்ளிருந்து அழகன் கத்தியது கெமரா வழியாகக் கொழும்புக்கே கேட்டது. ஐந்து நிமிடம் போனது, பத்து நிமிடம் போனது. விளக்கு பச்சையாகவே இருந்தது.

லோஜன் தொண்டையைச் செருமினார். "சரி, புதுசுல விழேல்ல. ஆனா முதல்ல விழுந்தது தற்செயலாவும் இருக்கலாம்தானே? பழசைத் திரும்பப் போடுங்க. நான் இந்த முறை உங்கட கைப்பேசிக்கு அழைப்பு எடுத்து லைன்ல நிக்கிறன். கெமரா திறக்கும்போது திரும்பவும் விழுந்தா ஒத்துக்கொள்ளுறன்."

கேட்டது நியாயமான கேள்வி. அவளாக இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பாள். கைப்பேசி மணி அடித்தது, காதில் வைத்தாள், லோஜனின் குரல் இரைச்சலோடு வந்தது. அவள் கை விசையை நோக்கிப் போனது.

"ஏய் புள்ள, என்ன செய்யப் போற?" கந்தப்பன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"பழசப் போடணும் மாமா. மூணே நிமிசம். அதுல பெட்டி விழுந்தாத்தான் சேர் நம்புவாரு."

"படம் போயிருமா?"

"போயிரும். பெறகு வரும்."

திரையில் பசு ஒரு நீளமான குரல் எழுப்பியது. "காலு தெரியிது!" என்று தனுஜா கத்தினாள். "அம்மா, கைய எடு, மறைக்கிது, கைய எடு!" என்று அழகன் அழுதான். நிலையத்துக்குள் பதினைந்து பேரும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கந்தப்பன் மட்டும் பெட்டிக்கும் அவளுக்கும் நடுவில், குடையைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்றார். குடையைத் தள்ளிவிட்டு அழுத்த அவளுக்கு ஒரு நொடி போதும். அழுத்தினால் கொழும்பு இல்லை, மகளை விட்டுப் போக வேண்டியதில்லை, எல்லாம் முடிந்தது. ஆனால் மூன்று மாதமாக வாலை மட்டும் பார்த்த ஒருத்தன், இதோ இந்த மூன்று நிமிடத்தைத்தான் பார்க்கக் காத்திருந்தான். இந்த நேரத்தில் பெட்டியை விழுத்த அவளால் முடியவில்லை. எவ்வளவு முயன்றாலும் விரல் கீழே இறங்க மறுத்தது.

"முடியாது சேர்" என்றாள். "இப்ப பழசப் போட மாட்டேன். நீங்க நம்பாட்டிப் பரவால்ல. நான் ஒண்ணாம் திகதி பஸ் ஏறுறேன்."

சிக்னல் போய்விட்டதோ என்று அவள் கைப்பேசியைப் பார்த்தாள்.

"லோஜன் சேர்?"

"கதைக்காதீங்க சுதர்ஷினி, கொஞ்சம் பொறுங்க!" லோஜனின் குரலில் பதற்றம். "தலை வருது. ஐயோ, அவவை மெதுவா இழுக்கச் சொல்லுங்க. சேர்த்து இழுக்கச் சொல்லுங்க, ரெண்டு காலையும் சேர்த்து!"

"பழசப் போட்டுக் காட்டச் சொன்னீங்களே சேர்."

"உங்களுக்கென்ன விசரா? இந்த நேரத்துல யாராவது பழசைப் போடுவாங்களா? அந்தப் பழசைத் தொடக் கூடாது, விளங்குதா? அது விழும்!"

கந்தப்பன் மெல்லக் குடையை இறக்கினார். சுதர்ஷினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன்னால் முடிந்த அளவு அடக்கமான குரலில் சொன்னாள்.

"இப்ப சொன்னத எழுத்துல அனுப்புவீங்களா சேர்?"

கொழும்பிலிருந்து விசைப்பலகை தட்டுகிற ஓசை கேட்டது, அதுவும் விட்டு விட்டு, திரையைப் பார்த்துக்கொண்டே தட்டுகிறவருடைய ஓசை. மாட்டுப்பட்டியில் கூச்சல் எழுந்தது, லயமே கத்தியது, கட்டாரில் ஒருவன் கட்டிலில் ஏறிக் குதித்தான். அந்தச் சத்தத்துக்கு நடுவே சுதர்ஷினியின் திரையில் ஏழு வரிக்கும் கீழே லோஜனின் பெயரோடு ஒரு குறிப்பு வந்து விழுந்தது.

'ஏழு வரியும் சேர்க்கப்பட்டது. என்னுடைய பழைய வரி நீக்கப்பட்டது. சுதர்ஷினி அங்கேயே இருக்கட்டும். கன்று எழும்பி நிற்கிறதா? அந்த மனிசி குறுக்கே நிற்கிறா, எனக்கு ஒன்றும் தெரியவில்லை.'